கார்ட் பந்தய வண்டிக்குச் சட்டகம்: 28, 30, 32 மி.மீ. குழாய் – எதை வாங்குவது?

கேள்வி – 2024 ஜனவரி 20

இலங்கை மலைநாட்டில், அட்டனுக்கு அருகில் உள்ள தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 6.5 குதிரைவலு என்று குறிக்கப்பட்ட ஹொண்டா ஜிஎக்ஸ்200 எஞ்சின் ஒன்று இருக்கிறது. அதைப் பூட்டி, பண்டாரகமை கார்ட் ஓடுதளத்தில் ஓட வேண்டும் என்பது ஆசை. செசிக்கு (சட்டகத்துக்கு) மூன்று வழிகள் உள்ளன. கொழும்பில் ஒருவர் 32 மி.மீ. குழாயில் செய்த செசியை மலிவாகத் தருகிறார். அது கியர் கார்ட்டில் இருந்தது, முன் பிரேக்கும் உண்டு. இன்னொருவரிடம் பெயின்ட் உரிந்துபோன 30 மி.மீ. இத்தாலியச் செசி இருக்கிறது. மூன்றாவது, எங்கள் ஊர் வெல்டிங் பாஸிடம் ஒரு அங்குல ஜி.ஐ. பைப்பில் (நாகம் பூசிய இரும்புக் குழாயில்) அடித்துக்கொள்வது. தடித்த குழாய் உறுதியானது, உறுதியான வண்டி வேகமானது என்பது என் கணிப்பு. ஆகவே 32ஐ வாங்கப் போகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

2024 ஜனவரி 20, இரவு

மறுக்கிறேன். உங்கள் கணிப்பு லொறிக்குப் பொருந்தும், கார்ட்டுக்குப் பொருந்தாது.

கார்ட்டில் ஸ்பிரிங் இல்லை, ஷொக் அப்சோபர் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டிருக்கின்றன; இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் இடையில் கிடையாது. பத்து மீற்றர் ஆரமுள்ள ஒரு முடக்கில் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடச் சுமார் 13 சதவீதம் அதிகத் தூரம் ஓட வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். எனவே இரண்டும் தரையில் அழுந்தியிருக்கும் வரை ஒன்று தேய்ந்துகொண்டே போகும், வண்டி நேராக ஓடத் துடிக்கும், எஞ்சின் மூச்சு வாங்கும்.

இதற்கு ஒரே தீர்வு, முடக்கில் உட்பக்கப் பின்சக்கரம் சற்று மேலெழுவது. அதைச் செய்வது முன்பக்கக் கிங்பின்களின் (முன்சக்கரங்கள் திரும்பும் ஆணிகளின்) சாய்வும் சட்டகமும் சேர்ந்துதான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உட்பக்க முன்சக்கரம் கீழே இறங்கித் தன் மூலையைத் தூக்குகிறது. சுமை அந்தச் சக்கரத்துக்கும் அதன் எதிர்மூலையான வெளிப்பக்கப் பின்சக்கரத்துக்கும் போகிறது. உட்பக்கப் பின்சக்கரம் இலேசாகிறது. சட்டகம் அளவுக்கு மீறி நெகிழ்ந்தால் இந்தத் தூக்கல் குழாய்களின் முறுக்கிலேயே கரைந்துபோகும். அளவுக்கு மீறி இறுகினால் சக்கரம் படக்கென்று எழும்பி, படக்கென்று விழும். ஆக, நீங்கள் வாங்கப்போவது வண்டியின் எலும்புக்கூடு மட்டுமல்ல, அதன் ஒரேயொரு ஸ்பிரிங்கும் அதுதான்.

2024 ஜனவரி 21

"எவ்வளவு வித்தியாசம் வந்துவிடும், இரண்டு மில்லிமீற்றர்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழாயின் முறுக்குத் தடை, வெளிவிட்டத்தின் நான்காம் அடுக்கிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைக் கழித்தால் வருவதற்கு விகித சமமானது. சுவர்த் தடிப்பு எல்லாவற்றிலும் 2 மி.மீ. என்று கொண்டால், 30 மி.மீ. குழாயை 100 என்று வைத்துக்கொள்ளும்போது 28 மி.மீ. குழாய் 80, 32 மி.மீ. குழாய் 123. அந்த இரண்டு மில்லிமீற்றர் உங்கள் ஸ்பிரிங்கை ஏறக்குறைய கால்பங்கு இறுக்கிவிடுகிறது.

இப்போது ஊர் வெல்டிங் பாஸின் பைப்புக்கு வருவோம். ஒரு அங்குலம் என்பது வெளிவிட்டம் அல்ல. நடுத்தர வகை ஒரு அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.7 மி.மீ., சுவர் 3.2 மி.மீ. அதே அளவுகோலில் அது 208. மீற்றருக்கு 2.4 கிலோ நிறை, 30 மி.மீ. பந்தயக் குழாய் 1.4 கிலோதான்.

2024 ஜனவரி 21, பிற்பகல்

அந்த ஒரு அங்குல பைப் கோயில் கேட்டுக்கு அருமையான குழாய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட் முறுகக் கூடாது.

2024 ஜனவரி 24

முக்கால் அங்குலக் குழாயை எடுத்தால் என்ன என்று கேள்வி கேட்டவரே மீண்டும் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நடுத்தர வகை முக்கால் அங்குலக் குழாய் 26.9 மி.மீ. வெளிவிட்டமும் 2.6 மி.மீ. சுவரும் கொண்டது, என் அளவுகோலில் 86 வருகிறது. அதாவது 28க்கும் 30க்கும் இடையில், விறைப்பைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறது. கணக்கு இங்கே நம்மை ஏமாற்றப் பார்க்கிறது.

பந்தயச் சட்டகங்கள் குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்கில், பெரும்பாலும் 25சிஆர்எம்ஓ4 என்னும் வகையில், செய்யப்படுகின்றன. அந்த உருக்கு சாதாரண இரும்புக் குழாயைவிட விறைப்பானது என்று பலர் நம்புகிறார்கள், அது உண்மையல்ல. ஒரே விட்டமும் ஒரே சுவரும் இருந்தால் இரண்டும் ஒரே விசைக்கு ஒரே அளவே முறுகும். வேறுபாடு எவ்வளவு தூரம் முறுகிய பின்னும் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதில் இருக்கிறது. பிரம்பு வளைந்து நிமிர்ந்துகொள்ளும், கட்டுக்கம்பி வளைந்தால் வளைந்தபடியே கிடக்கும். முக்கால் அங்குலச் சட்டகம் முதல் நாள் நன்றாகவே ஓடும். ஓடுதளத்தின் விளிம்புக் கற்களில் கொஞ்சம் ஏறி இறங்கிய பிறகு இடது முடக்கில் ஒரு வண்டியாகவும் வலது முடக்கில் இன்னொரு வண்டியாகவும் நடந்துகொள்ளத் தொடங்கும். எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்த ஒரு வண்டியை ஓட்டியிருக்கிறேன். நேர்ப்பாதையில் ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடித்துக்கொண்டுதான் நேராகப் போக முடிந்தது.

இன்னொன்று: ஜி.ஐ. பைப்பின் நாகப் பூச்சைச் சுரண்டாமல் வெல்டிங் செய்தால் எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரும். பாஸ்மாருக்கு இது தெரியும், பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுக்கும் பையனுக்குத் தெரியாது.

2024 பெப்ரவரி 2

32 பற்றி நான் இன்னும் நேரடியாகப் பேசவில்லை. ஒரே ஓடுதளம், ஒரே எஞ்சின், ஒரே வகைக் கடினமான டயர் ஆகியவற்றோடு 30, 32 இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டும் வாய்ப்புக் கிடைத்தது. 32 முடக்கில் நுழையும்போது மிகவும் கூர்மையாகத் திரும்பியது, அந்தக் கணத்தில் அதுவே வேகமான வண்டி என்று தோன்றியது. ஆனால் முடக்கின் நடுவில் பின்பக்கம் வழுக்கியது, வெளியேறும்போது எஞ்சின் மீண்டும் சுற்றெடுக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. 30 சற்று மந்தமாக நுழைந்தது. வெளியேறியது ஓசையே மாறாமல். 125 சிசி கியர் எஞ்சின் நாற்பதுக்கு மேற்பட்ட குதிரைவலுவைத் தருகிறது, ஒட்டும் டயர்களோடு ஓடுகிறது, முன்சக்கரங்களிலும் பிரேக் பிடிக்கிறது. சட்டகத்தை முறுக்கும் விசை டயரின் பிடியிலிருந்துதான் வருகிறது. அந்த அளவு பிடிக்காக இறுக்கிய சட்டகத்தை 6.5 குதிரைவலுவும் கடின டயரும் வேலை செய்ய வைப்பதில்லை. முன் பிரேக்கும் உங்களுக்கு வெறும் சுமைதான்.

2024 பெப்ரவரி 3

பண்டாரவளை வாசகர் ஒருவர் ஒரு முரண்பாட்டைப் பிடித்திருக்கிறார். "மழையில் ஓடும்போது காஸ்டரை (கிங்பின் சாய்வை) கூட்டு, முன் அகலத்தைக் கூட்டு, பின் அகலத்தைக் குறை, இருக்கையை உயர்த்து என்கிறார்கள். இவையெல்லாம் உட்பக்கச் சக்கரத்தை அதிகம் தூக்குவதற்கான வழிகள். அப்படியானால் பிடி குறைந்த இடத்தில் இறுக்கமான சட்டகம்தானே நல்லது? மலைநாட்டின் குளிர்ந்த, ஈரமான தார்த்தளத்துக்கு 32 அல்லவா பொருந்த வேண்டும்?"

இதை நேற்றிரவு முழுவதும் யோசித்தேன். வாதத்தின் முதல் பாதி முற்றிலும் சரி. பிடி குறையும்போது பக்கவாட்டு விசை குறைகிறது, சுமை இடம் மாறுவது குறைகிறது, சக்கரத்தைத் தூக்க வேறு உதவி தேவைப்படுகிறது. நெகிழ்ந்த சட்டகம் அந்த உதவியைத் தின்றுவிடும் என்பதும் சரி. உலகெங்கும் கார்ட்காரர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இரு கட்சியிலும் வென்றவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் வாசகர் சொன்ன நான்கு மாற்றங்களும் ஸ்பனரால் செய்யக்கூடியவை, மழை விட்டதும் திருப்பிவிடக்கூடியவை. குழாயின் விட்டம் அப்படியல்ல. 30 மி.மீ. சட்டகத்துக்கு முன்னால் கழற்றிப் பூட்டும் முறுக்குத் தண்டைச் சேர்க்கலாம், கடினமான பின் அச்சைப் போடலாம், பின்னால் ஒரு குறுக்குத் தண்டைப் பூட்டலாம். 32ஐ 30 ஆக்க எந்தக் கடையிலும் உதிரிப்பாகம் விற்பதில்லை. அட்டனில் பழகிப் பண்டாரகமையில் ஓடப்போகிறவர் ஒரே வண்டியில் குளிர்ந்த ஈரத் தளத்தையும் கொதிக்கும் தளத்தையும் சந்திக்கப் போகிறார். அவர் நடுவில் நிற்கும் சட்டகத்தை எடுத்து, மிச்சத்தை ஸ்பனரிடம் விட வேண்டும்.

2024 பெப்ரவரி 3, சற்றுப் பிறகு

ஜனவரி 21 குறிப்பில் தந்த எண்கள் தனிக் குழாய்க்கு உரியவை, முழுச் சட்டகத்துக்கு அல்ல. குறுக்குக் குழாய்கள் எங்கே வளைகின்றன, அச்சைத் தாங்கும் பேரிங்குகள் இரண்டா மூன்றா என்பதெல்லாம் சேர்ந்துதான் சட்டகத்தின் குணம் அமைகிறது. மூன்றாவது பேரிங்கைத் தளர்த்தினாலே பின்பகுதி நெகிழ்வதை உணரலாம். டோனி கார்ட் நிறுவனத்தின் 401 போன்ற பெயர் பெற்ற 30 மி.மீ. சட்டகங்களின் குணம் குழாயின் அளவிலிருந்து மட்டும் வந்ததன்று.

2024 பெப்ரவரி 11

28 மி.மீ. சட்டகத்தை வாங்கலாமா என்று நுவரெலியாவிலிருந்து கேட்டவருக்கு: நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் சுமார் 83 சதவீதம். டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய அதே அளவு குறையும், 6.5 குதிரைவலு 5.4 ஆகிவிடும். கார்புரேட்டரின் ஜெட்டையும் சிறிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோல் கூடிக் கறுப்புப் புகை கக்கும். வலு குறையக் குறைய, தேயும் உட்பக்கச் சக்கரம் தின்னும் பங்கு பெரிதாகத் தெரியும். மலையில் ஒரு சட்டகத்தின் குறைகள் பளிச்சென்று வெளிப்படுவது இதனால்தான், பழகுவதற்கு மலை நல்ல இடம்.

28 மி.மீ. குழாயைப் பெரும்பாலும் சிறுவர் வண்டிகளில் காண்பீர்கள். அவற்றின் முன் பின் சக்கர இடைவெளி 950 மி.மீ. அளவில் இருக்கும், வளர்ந்தவர்களுக்கான சட்டகத்தில் 1040 முதல் 1050 மி.மீ. வரை. உங்கள் மகனுக்குப் பத்து வயது என்றால் 28ஐப் பாருங்கள். உங்களுக்கென்றால், முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும்.

2024 பெப்ரவரி 18

கேள்வி கேட்டவர் 30 மி.மீ. சட்டகத்தைப் பார்க்கக் கொழும்புக்குப் போகிறாராம். உரிந்த பெயின்ட் அவருக்குக் கவலையாக இருக்கிறது. எனக்கோ அதுதான் பிடித்திருக்கிறது. பழைய சட்டகத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

முதலில் சட்டகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிக்குழாய்களைத் தடவிப் பாருங்கள். விளிம்புக் கற்களில் உரசி உரசி அடிப்பகுதி தட்டையாகியிருக்கும். வேர்னியரால் மேலிருந்து கீழாக அளந்தால் 30க்குப் பதில் 29 காட்டுகிறதென்றால், 2 மி.மீ. சுவரில் பாதி போய்விட்டது என்று பொருள். அந்த இடம் தன் வேலையைச் செய்யாது, ஒருநாள் அங்கேதான் பிளக்கும். 29.7 காட்டினால் விலையைக் குறைக்கச் சொல்லி வாங்கலாம்.

அடுத்தது வெடிப்பு. இருக்கையைத் தாங்கும் காதுகள், பின் பேரிங் பிடிகள், ஸ்டியரிங் தண்டின் கால், கிங்பின்னைத் தாங்கும் கவைகளுக்கு அருகிலுள்ள மூட்டுகள் ஆகியவையே வழக்கமாக வெடிக்கும் இடங்கள். அவற்றை மண்ணெண்ணெயால் நனைத்து, சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தடவுங்கள். வெடிப்புக்குள் ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் ஊறி வந்து வெள்ளையில் கோடு போடும். யாராவது முன்பே ஒட்டிய தடயம் இருந்தால், எப்படி ஒட்டினார்கள் என்று பாருங்கள். இந்த உருக்கை ஆர்கன் வாயுவோடு ஒட்டும் டிக் வெல்டிங்கில் நிதானமாக ஒட்டி மெதுவாக ஆற விட வேண்டும். சாதாரணக் கம்பி வெல்டிங்கால் கொழுக்கட்டை பிடித்ததுபோல் ஒட்டித் தண்ணீர் ஊற்றி ஆற்றியிருந்தால், ஒட்டுக்கு அடுத்த வரியில் உலோகம் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும்.

பிறகு, சட்டகம் நேராக இருக்கிறதா என்பது. இடது கிங்பின் துளையின் மையத்திலிருந்து வலது பின் பேரிங் பிடியின் ஒரு நிலையான புள்ளிக்கும், வலதிலிருந்து இடதுக்கும் அளந்து ஒப்பிடுங்கள். வேறுபாடு 2 மி.மீ.க்குள் இருந்தால் நான் வாங்குவேன். மூலைவிட்டம் சரியாக இருந்தும் சட்டகம் முறுகியிருக்கலாம். அதற்கு நான்கு மூலைகளையும் சம உயரத்தில் தாங்கி, கொத்தனார்கள் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயால் பாருங்கள். சீமெந்துத் தரையை நம்ப வேண்டாம்.

கடைசியாக, பின் அச்சின் விட்டத்தைக் கேளுங்கள். 50 மி.மீ. என்றால் பேரிங்கும் வேறு கடினத்தில் அச்சுகளும் தேடிப் பிடிக்கலாம். 40ம் ஓடும், தெரிவு குறைவு. வளர்ந்தவர்களுக்கான சட்டகத்தில் 30 மி.மீ. அச்சு இருந்தால், அது உங்களைவிட மூத்த சட்டகம்.

2024 பெப்ரவரி 19

தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் இந்த வண்டியை ஓட முடியுமா என்று ஒரு கேள்வி. முடியாது. அது மண் ஓடுதளம், ஸ்பிரிங்கும் உயரமும் உள்ள வேறு வகைச் சட்டகம் அதற்கு வேண்டும். 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் பற்றியும் அதே ஆள் கேட்டிருக்கிறார். அது தார் வீதிதான், ஆயினும் அடிக்குழாய் தரையிலிருந்து சில சென்றிமீற்றர் உயரத்தில் இருக்கும் வண்டிக்குப் பொதுவீதியின் மேடுபள்ளங்கள் ஆகாது. ஒருவேளை ஆர்ட் இங்கல்ஸ் 1956இல் கலிபோர்னியாவில் புல்வெட்டி எஞ்சினைப் பூட்டிச் செய்த முதல் கார்ட்டை இவர் பார்த்திருந்தால் அதையும் பிதுருதலாகலை மலைக்கு ஏற்றச் சொல்லியிருப்பார்.

2024 மார்ச் 3

அளவுகள் வந்திருக்கின்றன. மூலைவிட்ட வேறுபாடு 1.5 மி.மீ.; அடிக்குழாய் மிக மோசமான இடத்தில் 29.6, ஒரு இருக்கைக் காதில் வெடிப்பு. வாங்கலாம். இருக்கைக் காதின் வெடிப்பு சட்டகக் குழாய்க்குள் இறங்காமல் காதோடு நிற்கிறதா என்பதை மட்டும் மறுபடி பார்க்கச் சொன்னேன், நிற்கிறதாம். 32 மி.மீ. சட்டகத்தை விற்க வந்தவர் "மலையில இருக்கிறவங்களுக்கு ஸ்ட்ரோங்கானதுதான் சரி" என்று இன்னமும் தொலைபேசியில் அழைக்கிறாராம். அவருக்கும் ஒரு நல்ல கியர் எஞ்சின்காரர் கிடைக்கட்டும்.

2024 மார்ச் 10

இருக்கையைப் பூட்டுவதற்கு முன் ஒரு சொல். கண்ணாடியிழை இருக்கையும் சட்டகத்தின் ஒரு பகுதிதான். நான்கு இடங்களில் பூட்டப்பட்டு, பின்பகுதியின் விறைப்பைக் கூட்டுகிறது. துளைகள் சரியாகப் பொருந்தாமல் போல்ட்டை முறுக்கி இழுத்துப் பூட்டினால், நேரான சட்டகத்தை நிரந்தரமாக முறுக்கி வைத்ததாகிவிடும். இடைவெளிக்கு வாஷர் வையுங்கள், இழுக்காதீர்கள். எஞ்சின் ஒரு பக்கத்தில் அமர்வதால் இருக்கை மறுபக்கம் சற்றுத் தள்ளியே இருக்க வேண்டும்.

எடை பார்க்க நான்கு தராசு வேண்டியதில்லை. கடையிலிருந்து ஒரு மேடைத் தராசை இரவல் வாங்கி, அதே உயரத்துக்கு மூன்று பலகைகளை வெட்டி மற்றச் சக்கரங்களுக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு சக்கரமாக நிறுக்கலாம். ஓட்டுநர் தலைக்கவசத்தோடு இருக்கையில் இருக்க வேண்டும், பெற்றோலும் இருக்க வேண்டும்.

2024 மார்ச் 17

எடை: மொத்தம் 150 கிலோ, முன்சக்கரங்களில் 61.5. அதாவது 41 சதவீதம். நான் 42க்கும் 43க்கும் இடையில் தொடங்குவேன், அதற்கு முன்சக்கரங்களில் இன்னும் 2.25 கிலோ வேண்டும். இருக்கையும் ஓட்டுநருமாக 60 கிலோ என்றால், 40 மி.மீ. முன்னே நகர்த்தும்போது 60ஐ 40ஆல் பெருக்கி, முன் பின் சக்கர இடைவெளியான 1040ஆல் வகுத்த அளவு, ஏறத்தாழ 2.3 கிலோ, முன்னுக்குப் போகும். ஆனால் 40ஐ ஒரேயடியாக நகர்த்த வேண்டாம். முதலில் 20 நகர்த்தி, முழங்கைக்கும் முழங்காலுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கையைக் கயிற்றால் கட்டிவைத்து மறுபடி எடை பார்த்த பிறகே துளையிடுங்கள். கண்ணாடியிழையில் தவறான இடத்தில் போட்ட துளைக்கு அருகிலேயே இன்னொன்று போட்டால் இரண்டும் சேர்ந்து கிழியும்.